தமிழ்நாட்டின் மாநில மீன் எது?

தமிழ்நாட்டின் சின்னங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு மனப்பாடம். விலங்கு வரையாடு, பறவை மரகதப்புறா, மரம் பனை, மலர் செங்காந்தள், பழம் பலா. 2019-ல் தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியும் அந்த வரிசையில் சேர்ந்தது. அந்த வரிசையில் மீன் இல்லை. ஆயிரம் கிலோமீட்டரைத் தாண்டும் கடற்கரை, 39,000-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கண்மாய்களும், காவிரியும் தாமிரபரணியும், கொடியிலும் காசிலும் மீனைப் பொறித்துக்கொண்ட ஓர் அரசமரபு என இத்தனையும் உள்ள மண்ணில் இந்த ஓர் இடம் காலியாகக் கிடப்பது உறுத்துகிறது.

வெள்ளானூர் போன்ற ஓர் ஊரில் இருந்து பார்த்தால் உறுத்தல் இன்னும் கூடும். ஆவடியிலிருந்து செங்குன்றம் போகும் வழியில் இருக்கும் ஊர் அது. கிழக்கே புழல் ஏரி. தெற்கே பருத்திப்பட்டு, அம்பத்தூர், கொரட்டூர் ஏரிகள். இன்னும் கீழே போனால் பூந்தமல்லிப் பக்கம் செம்பரம்பாக்கம். சென்னை குடிக்கும் தண்ணீரில் கணிசமான பங்கு தேங்கி நிற்கும் வட்டாரம் இது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்துக் கடைகளில் ‘ஏரி மீன்’ என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது கட்லா, ரோகு, ஜிலேபி. முதல் இரண்டும் கங்கை முதலிய வடக்கத்தி ஆறுகளுக்கு உரியவை. ஜிலேபி ஆப்பிரிக்க மீன். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. குறவை, ஆரால், அயிரை, உளுவை, தேளி, பனையேறி என்று இந்த ஏரிகளுக்கே உரிய மீன்களின் பெயர்களைச் சொன்னால், அவை என்ன என்று திருப்பிக் கேட்கும் தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. மாநில மீன் என்ற பேச்சை நான் எடுப்பது இதனால்தான். எந்த மீன் நம்முடையது என்பதை அரசு ஒருமுறை எழுத்தில் சொல்லிவிட்டால், ஏரியில் எதை விடலாம், எதை விடக் கூடாது என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது.

மாநில மீன் என்ற ஏற்பாடு இந்தியாவில் பழையதல்ல. லக்னோவில் உள்ள தேசிய மீன் மரபு வளங்கள் பணியகம் 2006-ல் இந்த யோசனையை முன்வைத்தது. அருகிவரும் ஒரு நாட்டு மீனை ஒவ்வொரு மாநிலமும் தத்தெடுத்துக்கொண்டு அதைப் பெருக்க வேண்டும் என்பது நோக்கம். அப்போது 16 மாநிலங்கள் சேர்ந்தன. 2023 நவம்பரில் குஜராத் தன் மீனை அறிவித்த சமயத்தில் மத்திய மீன்வளத் துறை சொன்ன கணக்குப்படி 22 மாநிலங்கள் மாநில மீனை அறிவித்திருந்தன. இமயமலை அடிவார மாநிலங்கள் பல பொன்னிற மகசீரை எடுத்துக்கொண்டன. மேற்கு வங்கத்துக்கு ஹில்சா, பீகாருக்கு மாகுர், உத்தரப் பிரதேசத்துக்குச் சித்தாலா. நம் அண்டை மாநிலங்களும் முந்திக்கொண்டன. கேரளத்துக்குக் கரிமீன், கர்நாடகத்துக்குக் கர்நாடகக் கெண்டை, ஆந்திரத்துக்கும் தெலங்கானாவுக்கும் விரால்.

அறிவிப்பால் மீன் பிழைத்ததா என்று பார்க்கப் போனால் முதலில் நிற்க வேண்டிய இடம் மணிப்பூர். அங்கே மாநில மீன் பெங்பா. மியான்மரின் சின்ட்வின் ஆற்றுப் பக்கமிருந்து இம்பால் ஆற்றின் வழியே ஏறி லோக்தாக் ஏரிக்கு வந்து இனம் பெருக்கிய மீன் அது. 1983-ல் நீர்மின் திட்டத்துக்காக இத்தாய் தடுப்பணை வந்தது. ஏறிவரும் வழி அடைபட்டது. அந்த ஏரியில் பெங்பா இயற்கையாகக் கிடைப்பது அற்றுப்போயிற்று. இன்று குளங்களில் வளர்க்கிறார்கள். விருந்திலும் சடங்கிலும் வைக்கிறார்கள். மணிப்பூர் மக்களுக்கு அதன் மேல் உள்ள பிரியம் குறையவே இல்லை. ஆனால் ஆற்றுவழி திறக்காதவரை அது பண்ணை மீன்தான். மீன் போன பிறகு வந்த பட்டம் அது.

கேரளம் வேறு வழியில் போனது. 2010-ல் கரிமீனை அறிவித்ததோடு நிற்காமல், அடுத்த ஓராண்டைக் கரிமீன் ஆண்டாகவே கொண்டாடிக் குஞ்சு உற்பத்தியில் இறங்கியது. சென்னையில் தலைமையகம் கொண்ட மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனமும் முட்டுக்காட்டில் உள்ள தன் ஆய்வு நிலையத்தில் கரிமீன் குஞ்சு பொரிக்கும் முறைகளை உருவாக்கிப் பண்ணையாளர்களுக்குக் கற்றுக்கொடுத்து வருகிறது. குஞ்சு கிடைத்தது, வளர்ப்பவர்களுக்கு வருமானம் கிடைத்தது. இதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் காயல்களின் பரப்பு சுருங்குவதையும் கழிவு கலப்பதையும் ஒரு குஞ்சுப் பண்ணை தடுத்துவிடாது.

மேற்குக் கரையில் 2023-ல் இரண்டு அறிவிப்புகள் அடுத்தடுத்து வந்தன. மகாராஷ்டிரம் வெள்ளை வவ்வாலை எடுத்தது, குஜராத் கோல் என்ற பெரிய கத்தாழை வகையை எடுத்தது. கோல் மீனின் காற்றுப்பைக்கு வெளிநாட்டில் தங்கம் போல விலை. வாளையும் வவ்வாலும் வங்காரவாசியும் போட்டியில் இருந்தும் குஜராத் இதைத் தேர்ந்ததற்கு அந்த விலையும் ஒரு காரணம். விலை உயர்ந்த மீனுக்கு மாநிலப் பட்டம் தருவதில் எனக்குத் தயக்கம் உண்டு. வவ்வாலைப் பிடிக்கும் வலையின் கண் அளவும், குஞ்சு வவ்வால் சந்தைக்கு வருவதும் சீர்படாவிட்டால் பட்டம் அந்த மீனுக்கு விளம்பரமாகத்தான் முடியும்.

நம் சொந்தச் சின்னங்களும் இதையே காட்டுகின்றன. பனை எத்தனையோ ஆண்டுகளாக மாநில மரம். அந்தக் காலம் முழுவதும் செங்கல் சூளைக்குப் பனை போய்க்கொண்டுதான் இருந்தது. 2021-ல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் மாவட்ட ஆட்சியரின் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று வந்த பிறகே மரத்துக்கு ஒரு கவசம் கிடைத்தது. வரையாடும் நீண்ட காலம் பெயரளவில் மாநில விலங்காக இருந்தது. 2022-ல் 25 கோடி ரூபாய் ஒதுக்கீட்டில் வரையாட்டுத் திட்டம் வந்தபோதுதான் கணக்கெடுப்பும் பழைய வாழிடங்களில் மீள்குடியேற்றமும் பேசப்பட்டன. ஆகவே மாநில மீன் அறிவிப்பு வந்தால், அதனுடன் வரும் அரசாணையில் என்ன எழுதியிருக்கிறது என்பதையே நான் முதலில் தேடிப் படிப்பேன்.

நாட்டு மீன் எது என்று முடிவு செய்வது எளிதான காரியமும் அல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 1971-ல் வானவில் டிரவுட்டை மாநில மீனாக்கியது. அது அந்த மாநிலத்து மீனே இல்லை, தூண்டிலாளர்களுக்காகக் கொண்டுவந்து விட்டது. 1997-ல் அதை நீக்கிவிட்டுத் தன் ஆறுகளுக்கே உரிய பான்வில் கட்த்ரோட் டிரவுட்டை வைத்தது. பக்கத்து கொலராடோ 1994-ல் பச்சைமுதுகு கட்த்ரோட்டை அறிவித்து, அதைக் காப்பாற்ற ஓடை ஓடையாகக் குஞ்சு விட்டது. 2012-ல் அருங்காட்சியகங்களில் நூறாண்டுக்கு மேல் சாராயத்தில் ஊறிக் கிடந்த மீன்களின் மரபணுவோடு ஒப்பிட்டபோது, காப்பாற்றியதாக நினைத்தவற்றில் பெரும்பாலானவை வேறு இனம் என்று தெரிந்தது. அசல் பச்சைமுதுகு பேர் கிரீக் என்ற ஒரே ஓடையில் மிஞ்சியிருந்தது. அதுவும் முன்பு யாரோ கொண்டுபோய் விட்டதால் அங்கே தங்கியது.

காவிரியில் நடந்தது இதைவிட வேதனையானது. காவிரியின் திமிலுள்ள மகசீர் உலகத்துத் தூண்டிலாளர்கள் கடல் கடந்து தேடி வந்த மீன். 1946-ல் மைசூர்ப் பக்கம் கபினியில் பிடிபட்ட ஒன்று 120 பவுண்டு இருந்தது. மகசீர் குறைகிறது என்று 1970-களிலிருந்து நல்லெண்ணத்தோடு குஞ்சுகளை வளர்த்துக் காவிரியில் விட்டார்கள். லோனாவாலா பொரிப்பகத்திலிருந்து வந்த அந்தக் குஞ்சுகள் நீலத்துடுப்பு மகசீர். காவிரியின் திமில் மகசீர் வேறு இனம். வந்த மீன் பெருகியது, இருந்த மீன் சுருங்கியது. திமில் மகசீருக்கு முறையான அறிவியல் பெயர்கூட இல்லாமல் இருந்தது. கேரளத்தில் பாம்பாற்றிலிருந்து விவரிக்கப்பட்டு, சென்னையில் பணியாற்றிய விலங்கியல் ஆய்வாளர் ரமாதேவியின் பெயர் சூட்டப்பட்ட டோர் ரமாதேவி என்ற இனமே இது என்று 2018-ல்தான் உறுதியானது. அதே ஆண்டு பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அதை அழிவின் விளிம்பில் உள்ள இனமாகச் சேர்த்தது. மோயாறு, பவானி, அமராவதியின் தலைநீர் என்று சில இடங்களிலேயே அது தங்கியிருக்கிறது. பெயர் தெரியாத மீனைக் காப்பாற்றப் போய் வேறொன்றை விட்டு நிரப்பியது, நாட்டு மீன் பற்றிப் பேசும் எவரும் மறக்கக் கூடாத செய்தி.

சரி, தமிழ்நாட்டுக்கு எது? மகசீரைச் சொல்பவர்களின் வாதம் வலுவானது. அருகிவிட்டது, பெரியது, நம் மலையாறுகளுக்குரியது, பணமும் கவனமும் உடனே தேவை. தாமிரபரணிக்காரர்களிடமும் ஒரு மீன் இருக்கிறது. 1954-ல் இ. ஜி. சைலாஸ் விவரித்து, ஆற்றின் பெயரையே இனப்பெயராகக் கொண்ட சின்னக் கெண்டை அது. இனம் பெருக்கும் காலத்தில் ஆணின் முதுகுத் துடுப்பு நூல் நூலாக நீளும். உலகில் அந்த ஓர் ஆற்றைத் தவிர வேறெங்கும் இல்லாதது. காவிரியின் உல்லத்தையும் நினைத்துப் பார்க்கலாம். வங்காளிகள் உயிரை விடும் ஹில்சாதான் நம் உல்லம். கடலிலிருந்து காவிரியிலும் கொள்ளிடத்திலும் ஏறி வந்தது. 1909-லேயே கீழணையில் எச். சி. வில்சன் அதைச் செயற்கையாகப் பொரிக்க முயன்றார். 1934-ல் மேட்டூர் அணை நிமிர்ந்தது. மேலே ஏறுவது நின்றது. மதுரைக்காரர்கள் அயிரையை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். கடற்கரையில் கேட்டால் வஞ்சிரம் என்பார்கள். கடல் மீனுக்கு மாநில எல்லை கிடையாது என்பதால் அதை இங்கே விட்டுவிடுகிறேன்.

பாண்டியரின் கயலை விட்டுவிட முடியாது. சங்க காலப் பெருவழுதி நாணயங்களிலிருந்து பிற்காலப் பாண்டியரின் இணைகயல் வரை ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் ஒரு மீன் அரசின் முத்திரையாக இருந்தது. திருகோணமலைக் கோட்டை வாசல் தூணில் இன்றும் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது. மாநில மீன் என்ற எண்ணம் நமக்கு எவரும் கற்றுத்தந்ததல்ல. ஆனால் அந்தக் கயல் கெண்டை இனங்களில் எது என்று எவரும் தீர்த்துச் சொன்னதில்லை. கோட்டோவியமாக நின்ற கயலுக்கு இனி ஓர் இனப்பெயரை ஒட்டவைப்பது வரலாற்றுக்கும் நியாயமாகாது, மீனுக்கும் உதவாது.

என் வாக்கு பனையேறிக்கு.

பனையேறிக் கெண்டை உள்ளங்கை நீளமுள்ள, பச்சை கலந்த பழுப்பு நிற மீன். செவுள் மூடியின் ஓரம் ரம்பம் போல இருக்கும். கையில் பிடித்தால் கீறும். செவுளுக்கு மேலே தனி உறுப்பு ஒன்று இருப்பதால் காற்றையே உறிஞ்சி உயிர் வாழும். கோடையில் ஏரி வற்றினால் ஈரச்சேற்றில் கிடக்கும். முதல் மழையில் வெள்ளத்தை எதிர்த்து வரப்பும் தரையும் தாண்டி, செவுளை ஊன்றி ஊன்றி அடுத்த குட்டைக்குப் போகும். தென் மாவட்டங்களில் கண்மாய் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் ஊத்தாக் கூடைக்குள்ளும் கச்சா வலையிலும் விராலோடும் கெளுத்தியோடும் இதுவும் வரும். ஏரி நிரம்புவதும் வற்றுவதுமாக இருக்கும் ஒரு நாட்டுக்கு இதைவிடப் பொருத்தமாக உடல் அமைந்த மீன் வேறொன்று எனக்குத் தெரியவில்லை.

உலக அறிவியலுக்கு இது அறிமுகமான கதையிலும் தமிழ்மண் இருக்கிறது. பெர்லின் மருத்துவர் மார்கஸ் பிளாக் 1792-ல் இதற்கு அறிவியல் பெயரிட்டார். அவருக்குத் தரங்கம்பாடியிலிருந்து மீன்களை அனுப்பிவந்தவர் கிறிஸ்டோஃப் சாமுவேல் ஜான் என்ற பாதிரியார். கத்தாழை மீன்களில் ஒரு பேரினம் இன்றும் அவர் பெயரில் இருக்கிறது. அதே தரங்கம்பாடியில் 1791 நவம்பரில் டால்டார்ஃப் என்ற டேனியப் படையதிகாரி, குளத்தோரப் பனையின் பட்டைப் பிளவில் இந்த மீன் ஏறிக்கொண்டிருந்ததைக் கண்டதாக எழுதினார். 1797-ல் லண்டனில் லின்னேயன் சங்கம் அதை வெளியிட்டது. பனையில் மீன் ஏறுமா என்று அன்றிலிருந்து வாதம் நடக்கிறது. பறவை தூக்கிக்கொண்டு போய்ப் போட்டதாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொன்னார்கள். எப்படியானாலும், மாநில மரத்தோடு ஒரு மீனைச் சேர்த்துப் பேசிய அந்தக் குறிப்பு நம் கடற்கரையில் எழுதப்பட்டது.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும். பனையேறி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. இலங்கையிலிருந்து தென்கிழக்காசியா வரை இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் வடகோடித் தீவுகளில் அதை ஊடுருவிய மீன் என்று அஞ்சிக் கண்காணிக்கிறார்கள். இருக்கட்டும். மரகதப்புறாவும் செங்காந்தளும்கூட நமக்கு மட்டும் உரியவை அல்ல. இங்கே இயற்கையாக வாழ்கிறதா என்பதே கேள்வி. அருகிவிடவில்லையே என்பது இரண்டாவது வாதம், அது கனமானது. ஒரு சின்னத்துக்கு இருக்கும் பணமெல்லாம் பிழைத்துக்கொள்ளும் மீனுக்குப் போனால் மகசீருக்கு என்ன மிஞ்சும்? இதற்கு என் பதில், மகசீருக்குச் சின்னம் தேவையில்லை, வரையாட்டுக்குக் கிடைத்தது போல் தனித் திட்டம் தேவை. அதை இதோடு போட்டிக்கு நிறுத்த வேண்டாம்.

மூன்றாவது வாதம்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. கெட்ட தண்ணீரிலும் வாழும் மீன், ஏரி கெட்டுப்போனதை எப்படிக் காட்டும்? தண்ணீரின் தரத்தை அது காட்டாது என்பது உண்மை. ஆனால் அது வேறொன்றைக் காட்டும். பனையேறிக்கு ஏரி மட்டும் போதாது. ஏரியிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து வயல், வயலிலிருந்து குட்டை என்று மழைக்காலத்தில் ஏறி இறங்க வழி வேண்டும். கோரையும் அல்லியும் அடர்ந்த ஆழமில்லாத ஓரம் வேண்டும். சென்னையின் மேற்குப் புறநகரில் அறுந்துபோனது இந்தத் தொடர்ச்சிதான். வயல் வீட்டுமனை ஆயிற்று, வரத்துக்கால் சாக்கடை ஆயிற்று அல்லது தெருவின் அடியில் போயிற்று. ஏரியைச் சீரமைக்கிறோம் என்று கரையைச் செங்குத்தாக வெட்டி, கல் பதித்து, நடைபாதை போட்டு, செடிகொடிகளைச் சுரண்டி எடுக்கும்போது தண்ணீர் கொள்ளளவு கூடுகிறது. குஞ்சு பொரிக்கும் ஓரம் போய்விடுகிறது. பனையேறி ஏறிவருகிற ஏரி என்றால் அதன் கைகால்கள் இன்னும் வெட்டப்படவில்லை என்று பொருள்.

வந்தேறிகளின் தொல்லையும் சேர்ந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க மத்திய அரசு 2000-லேயே தடை போட்டது. ஆனாலும் அது நம் நீர்நிலைகளில் இருக்கிறது. அதுவும் காற்றைச் சுவாசிக்கும், சேற்றில் கிடக்கும், வாயில் நுழைவதையெல்லாம் தின்னும். கண்ணாடித் தொட்டியைச் சுத்தம் செய்ய வாங்கப்பட்டு, வளர்ந்த பிறகு ஏரியில் விடப்பட்ட டேங்க் கிளீனர் என்ற தென்னமெரிக்க மீன், சென்னை ஏரிகளில் வலை போடுபவர்களுக்குத் தினசரித் துன்பம். முள்ளும் தகடுமாக வலையைக் கிழிக்கிறது, விற்க முடிவதில்லை. கொளத்தூரைச் சுற்றி வண்ணமீன் வளர்ப்பை நம்பிப் பல குடும்பங்கள் வாழ்கின்றன, அந்தத் தொழில் நன்றாக நடக்க வேண்டும். வாங்குபவர் வளர்க்க முடியாத மீனைத் திருப்பிக் கொடுக்க ஓர் இடம் இருந்தால் பாதித் தொல்லை தீரும்.

அரசாணையில் இருக்க வேண்டியவை என்று நான் நினைப்பதைச் சொல்கிறேன். ஏரியைக் குத்தகைக்கு எடுப்பவர் கட்லா, ரோகு குஞ்சு விட்டுத்தான் போட்ட பணத்தை எடுக்கிறார். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களின் பிழைப்பும் அதில் இருக்கிறது. அதை ஒரே நாளில் நிறுத்தச் சொல்வது நியாயமல்ல. ஆனால் ஒவ்வொரு மாவட்டத்திலும் சில ஏரிகளை நாட்டு மீனுக்கென்று ஒதுக்கலாம், அங்கே குத்தகைத் தொகையைக் குறைக்கலாம். கடலுக்கு ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் தடைக்காலம் இருப்பது போல, முதல் வெள்ளத்தில் சினைமீன் ஏறும் சில வாரங்களுக்குக் கலங்கலிலும் வரத்துக்காலிலும் வலை கட்டுவதை நிறுத்தலாம். நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்ட மீன்வளப் பல்கலைக்கழகத்துக்கு மாதவரத்திலும் வளாகம் இருக்கிறது, வெள்ளானூருக்கு அது தொலைவில்லை. அங்கே இந்த வட்டாரத்து ஏரிகளில் பிடித்த தாய்மீன்களிலிருந்தே பனையேறிக் குஞ்சு பொரிக்கலாம். தாய்மீன் எங்கிருந்து வருகிறது என்பதில் கறாராக இருக்க வேண்டும். வங்கத்தில் கொய் என்று கொண்டாடப்படும் இதே மீனுக்கு, வேகமாக வளரும் என்று வியட்நாம் ரகம் கொண்டுவரப்பட்டுப் பண்ணைகளில் பரவிவிட்டது. காவிரி மகசீருக்கு நடந்தது பனையேறிக்கும் நடக்க நாமே வழி செய்துவிடக் கூடாது.

இதற்கெல்லாம் கோட்டையிலிருந்து கையெழுத்து வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியானாலும் மாநகராட்சியானாலும் உள்ளாட்சி அமைப்பு ஒவ்வொன்றிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும். மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப்பட வேண்டும். அந்தப் பதிவேட்டில் ஊர் ஏரியின் மீன்களுக்கும் இடம் உண்டு. வெள்ளானூரில், மோரையில், அம்பத்தூரில், பருத்திப்பட்டில் வலை போட்டுப் பழகிய பெரியவர்களைக் கூட்டிவைத்து, எந்த மீன் எந்த ஆண்டு வரை வந்தது, எது இப்போது வருகிறது, கலங்கல் எந்தப் பக்கம் வழிந்தது, மீன் எந்தக் கால்வாயில் ஏறியது என்று எழுதிக்கொண்டால் போதும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன்பு உட்கார்ந்தால், மழை வந்ததும் அவர்கள் சொன்ன கால்வாயில் நின்று சரிபார்த்துவிடலாம்.